குழாயில் துப்பிய குடும்பம்

எச்சில் துப்புவதற்கென்று ஆள் கூட்டி விருந்து வைத்த குடும்பம், புத்தளம் மாவட்டத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சொல்லும்போது சிரிப்பு வர வேண்டிய விடயம். எனக்கு வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. முதலில் லண்டனிலிருந்து அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த, வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மகன்மீது. பிறகு, வாயில் ஈ புகுந்தது தெரியாமல் அவன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என்மீது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் தெரியாத, திட்டினாலும் காதில் விழாத ஒரு கம்பனிமீது.

எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. முத்துக்குளித்த காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பலில் மன்னாருக்கு வந்து, அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட ஒரு வியாபாரியின் வழி நாங்கள் என்று வாப்பா சொல்வார். அதற்கு ஆதாரம் எங்கள் வீட்டாரின் மூக்கு. மூக்கைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மன்னாரில் இருந்தவரை அந்தப் பெருமையை நாங்கள் பெரிதாகத் தூக்கிப்பிடித்ததில்லை. சொந்த வீடும் கடையும் தோட்டமும் இருக்கிறவனுக்கு மூக்கின் தயவு தேவைப்படாது. தொண்ணூறில், வடக்கைத் தன் கையில் வைத்திருந்த இயக்கம் முஸ்லிம்களான எங்களை வெளியேறச் சொல்லி, உடுத்த உடுப்போடு படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய பிறகுதான் அந்த அரபு வியாபாரி எங்களுக்கு அவசியமானார்.

ஏனென்றால் இங்கே நாங்கள் அகதிகள். தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தபோதும் அகதி, கல்வீடு கட்டிய பிறகும் அகதி. யுத்தம் முடிந்து, விரும்பினால் ஊருக்குத் திரும்பலாம் என்று ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நான் புத்தளம் டவுனில் வலையும் நைலோன் நூலும் ஈயக்குண்டும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். "அகதி நானாட கடையில நூல் மலிவு" என்று ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிட எனக்கு ஒரே தங்கை. வீட்டில் அவள்தான் வாயாடி. நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது அவள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத கைக்குழந்தை. பெண்களும் பிள்ளைகளும் ஏறிய படகில் உம்மாவும் அவளும் முதலில் வந்துவிட்டார்கள். நானும் வாப்பாவும் மறுநாள் வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சுவரோடு சாய்ந்து, பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார் உம்மா. எனக்கு அப்போது பதினாலு வயது இருக்கும். எனக்குப் பசித்தது, அதுதான் ஞாபகம் இருக்கிறது. பிள்ளையின் முகத்தை நான் எங்கே பார்த்தேன்.

வாப்பா கொட்டில் காலத்திலேயே மௌத்தாகிவிட்டார். அதனால் தங்கையின் நிக்காஹ்வில் வலியாக நின்றவன் நான். வலி என்றால் பெண்ணைக் கொடுக்கிறவர். எங்கள் மார்க்கத்தில் பெண் தானாகத் தன்னைக் கொடுப்பதில்லை. பெற்ற வாப்பா, அவர் இல்லாவிட்டால் அவர் வழியில் வந்த ஆண் ஒருவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் சொன்னேன், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றான், காவின் என்கிற திருமணப் பதிவு எழுதப்பட்டது. அவன் கை வியர்த்துக் கிடந்தது. பயந்த பையன், தங்கைக்கு அடங்கி நடப்பான் என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்தார். மாம்புரியில் தென்னந்தோட்டமும் மரக்கறித் தோட்டமும் இருக்கின்றன. அகதி வீட்டில் சம்பந்தம் வைத்தது தங்களுடைய பெருந்தன்மை என்று அவனுடைய உம்மா கடைசிவரை நம்பினார். தங்கை வாய் திறந்தால், "அகதி வீட்டுப் பொண்ணுக்கு இவ்வளவு வாயா?" என்பார். இவள் விடுவாளா? "அகதி எண்டாலும் அரபியிட ரத்தம் மாமி, கொஞ்சம் சூடாத்தான் இரிக்கும்" என்பாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் இந்தக் கதை அந்த வீட்டில் உப்புப் புளி மாதிரி தினமும் இருந்தது.

சாச்சாவின் மகன் லண்டனிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது சின்னச் சின்னப் பெட்டிகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். உள்ளே மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் கோடு வரைக்கும் எச்சில் துப்பி அனுப்பினால், நாங்கள் எந்த நாட்டு ஆட்களின் வழி என்று கம்பனி எழுதி அனுப்புமாம். தான் ஏற்கெனவே துப்பி அனுப்பிவிட்டதாகவும், குடும்பத்தில் இன்னும் ஆட்கள் சேர்ந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்றும் சொன்னான்.

தங்கைதான் முதல் ஆள். "எனக்கு ஒண்டு தாங்க நானா. ரிசல்ட்ட பிரேம் போட்டு மாமிட தலைமாட்டில மாட்டுறேன்" என்றாள். அவளுடைய புருஷனும் கூட இருந்தான், அவனும் சிரித்தான். அவனுக்கும் ஒரு பெட்டி நீட்டினார்கள். தனக்கு வேண்டாம், தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும் என்றான். அன்றைக்கு அது பகிடி.

உம்மா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "இதுல நோய்நொடி பாக்குறதா மகன்?" என்று சாச்சாவின் மகனைக் கேட்டார்.

"இல்ல பெரியும்மா. நாம யாருட வழி எண்டு பாக்குற."

"எச்சில்ல அது தெரியுமா?"

"எச்சில்ல எல்லாம் தெரியும் பெரியும்மா."

உம்மா தங்கையைக் கிட்டக் கூப்பிட்டு, அவள் தலையில் கையை வைத்து, "துப்பு மகள். நீ என்ட பாலக் குடிச்ச பிள்ள. உனக்கென்ன பயம்" என்றார். பயப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

துப்புவதற்கு முன்பு அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. அடுப்படியில் புரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசத்தில் எங்கள் யாருக்கும் எச்சிலுக்குப் பஞ்சம் வரவில்லை. தங்கை கோட்டுக்கு மேலேயே துப்பிவிட்டாள். சாச்சாவின் மகன் தன் போனில் எங்கள் எல்லோருடைய விபரத்தையும் ஏற்றினான். தங்கைக்கு ஈமெயில் கிடையாது, ஆகவே அவளுடையதும் அவன் பெயரிலேயே போனது. பக்கம் பக்கமாக இங்கிலீஷில் ஏதோ வந்துகொண்டிருந்தது. அவன் பெருவிரலால் தள்ளித் தள்ளி, கட்டம் கட்டமாகச் சரி போட்டுக்கொண்டே போனான்.

"என்னடா அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"சும்மா நானா. எல்லாரும் போடுறதுதான்."

எங்கள் சொந்தக்காரர்களுக்கு எங்களைக் காட்டலாமா, எங்கள் எச்சிலை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்பதுபோன்ற கேள்விகள் அவை என்று மிகவும் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. என் கடையில் கடனுக்கு நூல் கேட்டால் நான் ஆயிரம் கேள்வி கேட்பேன். அன்றைக்கு ஒன்றுதான் கேட்டேன், அதற்கும் கிடைத்த பதிலோடு சாப்பிட எழும்பிவிட்டேன்.

ரிசல்ட் வர இரண்டு மூன்று மாதம் எடுத்தது. அரபு வியாபாரியைக் காணவில்லை. இங்குள்ள எல்லோரையும்போல நாங்களும் இந்தக் கரையும் கடலுக்கு அப்பால் இந்தியக் கரையும்தான் என்று வந்திருந்தது. சாச்சாவின் மகன் அழாத குறை. நான் கடையில் தனியாக இருந்து நன்றாகச் சிரித்தேன். அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே தேவையில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தங்கையின் புருஷனும் அவனுடைய சகோதரியும்கூட அதில் இருந்தார்கள். ஒரு நாள் சாச்சாவின் மகன் அதில் ஒரு படம் போட்டான். கம்பனி காட்டும் சொந்தக்காரர் பட்டியல். அவனுக்கு நான் பெரியப்பா மகன் முறை என்று சரியாகவே வந்திருந்தது. தங்கைக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவளுக்கும் அவனுக்கும் இல்லை. அதன் கீழே சிரிக்கிற பொம்மைகளோடு, "தங்கச்சிட குழாய் மாறிட்டு போல. கம்பனிக்கு எழுதுறேன்" என்று போட்டிருந்தான். ஆளாளுக்குப் பகிடி விட்டார்கள். தங்கையே, "நான் ராணிட பரம்பரை, தேடிப் பாருங்க" என்று போட்டாள்.

கம்பனி பதில் எழுதியது. குழாய் மாறவில்லை, திரும்பவும் பார்த்தோம், சரிதான் என்று. அந்த முட்டாள் அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டான். அவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறான். இருந்திருக்காது. தீப்பெட்டி வைத்து விளையாடுகிற பிள்ளைக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. குழுவில் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு உம்மாவிடம் போனேன்.

நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பால் குடிச்சும் காட்டலயா மகன்?" என்றுதான் உம்மா முதலில் கேட்டார்.

படகில் உம்மாவின் சொந்தக் குழந்தை காய்ச்சலில் இருந்தது. கரை காண்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டது. உம்மா யாரிடமும் சொல்லாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். அதே படகில் தனியாக வந்த ஒரு சின்னப் பெண், பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவள், இரத்தப்போக்கில் கிடந்தாள். எந்த ஊர், யாருடைய மகள் என்று கேட்பதற்குள் அவளும் கரையிலேயே போய்விட்டாள். அவளுடைய பிள்ளை அழுதுகொண்டிருந்தது. உம்மாவின் மார்பில் பால் கட்டியிருந்தது. கூட இருந்த பெண்கள் இறந்த பிள்ளையை உம்மாவின் கையிலிருந்து வாங்கி, உயிரோடிருந்ததைக் கொடுத்தார்கள். இறந்த பிள்ளையின் பெயரும் பிறப்புப் பதிவும் இந்தப் பிள்ளைக்கு ஆகின. வாப்பாவுக்கு மட்டும் சொல்லப்பட்டது.

"ரெண்டு வருஷம் நிறையக் குடுத்தன் மகன். என்ட பால் அவட உடம்பெல்லாம் ரத்தமாகித்தானே இரிக்கும். எச்சில் மட்டும் எப்பிடி வேற ஆளுடையதெண்டு காட்டும்?"

உம்மா அதை உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்குத் தலையில் கைவைத்துத் துப்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. உம்மாவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எங்கள் மார்க்கமும் அவர் பக்கம்தான். பால் கொடுத்தவள் உம்மா, அவள் பெற்ற பிள்ளைகள் உடன்பிறப்புகள். அப்படியானவர்களுக்கிடையில் திருமணம் ஹராம். கொட்டில் காலத்தில் எத்தனையோ பெண்கள் மாறி மாறி மற்றவரின் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். யாருடைய பிள்ளை யாரிடம் குடித்தது என்பது அந்தப் பெண்களின் வாய்க்குள் பத்திரமாக இருந்தது. சம்பந்தம் பேசுகிற நேரம் வந்தால் யாராவது ஒருத்தி பின்வாசலால் வந்து, சம்பந்தப்பட்ட வீட்டுக்கு மட்டும், "இது வேணாம், ரெண்டும் ஒரே மடியில குடிச்சது" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோகும். ஏன் நின்றது என்று ஊருக்குத் தெரியாது. தேவையானவனுக்குத் தேவையானதை மட்டும் சொல்வதற்குப் படிக்காத பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பனிக்கு, கேட்டவன் கேளாதவன் எல்லோருக்கும் காட்டத்தான் தெரிந்திருந்தது.

தங்கையிடம் நான்தான் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே கேட்டாள். "அப்ப நான் ஒங்கட தங்கச்சி இல்லயா நானா?" என்றாள். பால்குடித் தங்கை, அந்நிய ஆண் என்று நீ என் முன்னால் முக்காடு போடத் தேவையில்லை, ஒன்றும் மாறவில்லை என்றேன். ஒன்று மாறியிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளுடைய புருஷனுக்கு உறைத்தது. அவனுக்கு யார் எடுத்துக் கொடுத்தார்களோ தெரியாது. பால்குடி நானா வலியாக முடியாது. இரத்த வழி ஆண் இல்லாத பெண்ணுக்கு, எங்கள் திருமண வழக்குகளைப் பார்க்கிற நீதிபதியான காதிதான் வலி. நான் வலியாக நின்று கொடுத்த நிக்காஹ் அப்படியானால் செல்லுமா என்று அவன் பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டான்.

மௌலவி வயதான, நிதானமான மனுஷன். எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினார். "யாரும் தெரிஞ்சு செஞ்ச பிழ இல்ல. புள்ளைகள்ட விசயத்தில ஒரு சந்தேகமும் வேணாம், அது ஒங்கட புள்ளைகள்தான். நிக்காஹ்வ மட்டும் புதுசாச் செஞ்சுகொள்ளுங்க. காதியார் வலியா நிப்பார். ரெண்டு சாட்சி, பொண்ணுக்குக் குடுக்க ஒரு மஹர். தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேல" என்றார். அதுவரை தங்கை எங்கள் வீட்டில் இருப்பது நல்லது என்றும் சொன்னார். ஒரு கிழமைக்கென்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். உடுப்புக்கூட அதிகம் கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று பேசியிருந்தோம். என் மனைவி வட்டிலப்பம் செய்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய சாரியை எடுக்க வெட்கப்பட்டு வேறொன்று கட்டியிருந்தாள். "உம்மாக்குக் கலியாணமா?" என்று அவளுடைய மகள் கேட்டதற்கு, "ஓம், ஒன்ட வாப்பாவையே திரும்பவும் கட்டப் போறன், வேற ஆள் கிடைக்கல" என்றாள். அவள் அப்படிப் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் கடைசி. காதி வந்தார், மௌலவி வந்தார், சாட்சிகள் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை.

நான் போன் எடுத்தேன். மாம்புரித் தோட்டத்தில் நிற்பதாகச் சொன்னான். பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"மச்சான், நான் கொஞ்சம் யோசிக்கணும்."

"ரெண்டு புள்ள பெத்த பிறகு என்னத்தடா யோசிக்கிற?"

"உம்மா சொல்றாங்க. யாருட வழி, யாருட ரத்தமெண்டு தெரியாம எப்பிடி எண்டு..."

"தெரியாம இருந்த காலத்தில நல்லாத்தானே இருந்த!"

அவன் போனை வைத்தான். மோட்டார் சத்தமும் நின்றது.

அவன் கெட்டவன் என்று சொன்னால் கதை லேசாகிவிடும். அவன் கோழை. கோழைக்கு ஒரு கதவு திறந்து கிடந்தால் போதும். தாயின் வாய்க்கும் பெண்டாட்டியின் வாய்க்கும் நடுவில் வருஷக்கணக்காக நசிந்தவனுக்கு, நீ திருமணமே செய்யவில்லை என்று ஒரு வழி கிடைத்தது. யோசித்துக்கொண்டே இருந்தான். அடுத்த வருஷம் தலவில தேவாலயப் பெருநாள் நெரிசலில் பஸ் கிடைக்காமல் நான் பாலாவியில் நின்றபோது, கற்பிட்டியில் சொந்தத்துக்குள் ஒரு பெண்ணை அவன் நிக்காஹ் முடித்த செய்தியை ஒரு வாடிக்கைக்காரன் சொன்னான்.

தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குக்கூட எங்களிடம் ஒரு முறை உண்டு. இத்தா என்கிற காத்திருப்புக் காலம் இருப்பாள். இத்தா முடிந்தால் அவள் இன்ன நிலையில் இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். என் தங்கை விதவை இல்லை, தலாக்கானவள் இல்லை, புருஷனோடு வாழ்கிறவளும் இல்லை. அவளைத் தலாக் சொல்வதற்குக்கூட அவன் மெனக்கெடவில்லை.

இதற்கிடையில் கம்பனியின் பட்டியலில் அவளுக்கு நெருங்கிய சொந்தம் என்று ஒரு ஆள் வந்திருந்தான். எங்கோ குளிர்நாட்டில் இருக்கிறவன். அவளுடைய படம் வேண்டும், ஊர் வேண்டும், எத்தனை பிள்ளைகள் என்று தெரிய வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினான். பாவம், அவனும் யாரையோ தொலைத்தவனாக இருக்கலாம். சாச்சாவின் மகன் எங்களைக் கேளாமலே, "புத்தளம்" என்று பதில் போட்டிருந்தான். அதைக் கேட்ட பிறகு தங்கை ஒரு மாதம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கம்பனிக்கு எழுது என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். எழுதினான். கணக்கை மூடிவிட்டோம், ஆனால் ஆராய்ச்சிக்கென்று ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்று பதில் வந்தது. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அந்தக் கம்பனியை வேறொரு கம்பனிக்கு விற்றுவிட்டார்கள் என்றும் அவனே சொன்னான். கடையை விற்றால் கல்லாவோடும் சாமானோடும்தானே விற்பார்கள்.

"அப்ப என்ட எச்சில் இப்ப யாருட்ட இரிக்கி நானா?" என்று தங்கை கேட்டாள்.

தெரியாது என்றேன்.

பிள்ளைகளின் செலவுக்காகக் காதி நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னதும் நான்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தங்கை அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஏன் என்பது என் நியாயம். காதி அவனை அழைத்தார். எங்களோடு மௌலவியும் வந்தார். அவன் தன் தமக்கையின் புருஷனோடு வந்தான். உள்ளே போய் நின்றதும், எங்களைப் பாராமல், பாடமாக்கி வந்ததைச் சொன்னான்.

"என்ட புள்ளைகள்தான் எண்டு காட்டினா நான் குடுக்கிறேன். கொழும்பில பாக்கிற இடம் இரிக்கி. வாயில பஞ்சு வச்சு எடுக்கிறதுதான். செலவு நான் பாக்கிறேன்."

எனக்கு இரத்தம் கொதித்தது. அந்த மகளுக்கு அவனுடைய நெற்றி, மகனுக்கு அவனுடைய நடை. மௌலவி அன்றைக்கே சொல்லியிருந்தார். காதியும், பிள்ளைகள் உன்னுடையவை என்பதில் மார்க்கத்தில் பிரச்சினை இல்லையே என்றார். ஆனால் அவன் கையில் ஒரு புதுப் பாடம் இருந்தது. அதை அவனுக்குப் படிப்பித்ததே எங்கள் குடும்பம்தான். ஒரு முறை எச்சிலைக் கேட்டு உண்மையைக் கண்டாயிற்று, இனி எதற்கும் எச்சிலைத்தான் கேட்பான்.

சரி, கேட்டதைக் கொடுத்து அவன் முகத்தில் கரி பூசலாம் என்று நான் நினைத்தேன். தங்கையின் காதுக்குள் சொல்லவும் செய்தேன். சத்தியமாக, அதில் நமக்குத்தான் வெற்றி.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏலாது" என்று காதியிடம் சொன்னாள்.

காதி அவளை நேராகப் பார்த்தார். "மகள், நீங்க குடுக்க மாட்டன் எண்டு சொன்னா ஊர் வேற மாதிரித்தான் கதைக்கும். செலவுக் காசும் இழுபடும். விளங்குதா?"

"விளங்குது."

"பயப்பிட ஒண்டும் இல்லயே?"

"எனக்கு அவர்ட புள்ளைகள் எண்டு தெரியும். அவருக்கும் தெரியும். அதுக்குப் பஞ்சு தேவயில்ல. என்ட ஒண்டு போனது போகட்டும். எங்க இரிக்கிது எண்டு தெரியாது. என்ட புள்ளைகள்ட எச்சில் ஒரு கம்பனிக்கும் இல்ல. அவங்க பெரிசாகி, வாசிச்சு விளங்கி, அவங்களா குடுக்கட்டும். நான் குடுக்க மாட்டன்."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவனுடைய முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது, அதையும் பார்த்தேன். அன்றைக்கு அவனை அடித்திருப்பேன். மௌலவி என் கையைப் பிடித்திருந்தார்.

காதி செலவு வழக்கைத் தள்ளிவைத்தார். வெளியே வந்ததும் அவனுடைய தமக்கையின் புருஷன், எங்களுக்குக் கேட்கும்படியாகவே, "மடியில கனம் இல்லாட்டி வழியில என்ன பயம்" என்றான். அந்த ஒரு வசனம் அஸருக்குள் புத்தளம் முழுக்கப் போய்விட்டது. இப்போது என் கடைக்கு வருகிறவர்கள் அகதி நானா என்று சொல்வதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு நூலை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் யார் என்பதில் என் தங்கைக்குச் சந்தேகம் இல்லை. பெற்றவனுக்குச் சந்தேகம் இல்லை. காதிக்கும் மௌலவிக்கும் இல்லை. ஊரில்கூட, அந்த மகளின் நெற்றியைப் பார்த்த யாருக்கும் இருக்க முடியாது. ஒருவருக்கும் சந்தேகம் இல்லாத ஒரு விடயத்தில் அவள் தோற்றாள். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல எழும்பி அப்பத்துக்கு மாவைக் கலக்கினாள். மூன்று கடைகள் அன்றைக்கு அவளுடைய அப்பத்தைத் திருப்பி அனுப்பின.